குறிசொல்லியின் கிண்ணத்தில் உளு: குளிரா, சூடா, மூச்சடைப்பா, மருந்தா?

மண்டியிட்ட பெண்ணொருத்தி இரு கைகளாலும் கிண்ணம் ஏந்தியிருக்கும் பழைய மரச்சிலை. அவள் முழங்காலடியில், அலமாரித் தட்டின்மேல், மாவு போல வெளிர்மஞ்சள் தூள் சிறு குவியலாகக் கொட்டியிருக்கிறது. மரத்தை உள்ளிருந்து ஏதோ தின்கிறது என்று அர்த்தம். இதற்கு என்ன செய்வது என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும்: உறைய வையுங்கள், சூடாக்குங்கள், காற்றில்லாமல் அடைத்து வையுங்கள், மருந்தடியுங்கள். நான்கு வழியிலும் பூச்சி சாகும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிண்ணத்துக்குள் ஒட்டியிருக்கும் பொருளை நான்கும் ஒரே மாதிரி விட்டுவைப்பதில்லை. மர நாற்காலியாக இருந்தால் மரத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். மத்திய ஆப்பிரிக்க வைத்தியரின் பாத்திரத்துக்கு அப்படி முடிவெடுத்தால் பாதிப் பொருள் போய்விடும்.

அந்தப் பாதி எது என்று முதலில் பார்க்க வேண்டும். காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில் வாழும் லூபா மக்களிடம் பிலும்பு என்ற குறிசொல்லிகள் உண்டு. நோய், மகப்பேறின்மை, திருட்டு, குடும்பப் பகை என எது வந்தாலும் காரணம் கண்டு சொல்பவர்கள் அவர்கள். அவர்களுடைய கிண்ணத்துக்கு ம்போகோ என்று பெயர். அது சுரைக்குடுக்கையாக இருக்கலாம், பெண்ணுருவம் ஏந்திய மரக்கிண்ணமாகவும் இருக்கலாம். குறிசொல்லியை ஆட்கொள்ளும் ஆவியின் மனைவி அந்தப் பெண் என்பது லூபா விளக்கம். காலனிக் காலத்து ஐரோப்பியர் சிலர் அவளைப் பிச்சை கேட்கும் பெண் என்று எழுதிவைத்தார்கள்; அந்தப் பெயர் நெடுநாள் நிலைத்துவிட்டது. பிச்சைப் பாத்திரம் என்று நினைப்பவருக்குக் கிண்ணத்தின் உட்புறம் வெறும் அழுக்காகத்தான் தெரியும். உண்மையில் அங்கே இருந்தது ம்பெம்பா என்ற வெண்களிமண். நம்மூர் நாமக்கட்டியின் உறவு என்று சொல்லலாம். நிலவின் ஒளிக்கும் தூய்மைக்கும் ஆவியுலகுக்கும் அது அடையாளம். லூபா அரச மரபின் தொல்கதையில், கதைநாயகன் கலாலா இலுங்காவுக்கு வழிகாட்டிய மிஜிபு வா கலெங்கா முதல் குறிசொல்லியாகப் போற்றப்படுகிறார். இன்று கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருக்கும் வெள்ளைப் பொருக்கு அந்த மரபின் நேரடிச் சான்று.

அதே நாட்டின் தென்மேற்கில், க்வாங்கோ ஆற்றுப்பக்கம் வாழும் யாக்கா மக்களின் குறிசொல்லி வைத்தியரிடம் இருப்பது வேறு மாதிரிப் பொருள். ஒரே கட்டையைக் குடைந்து, பக்கவாட்டில் நெடுக ஒரு பிளவு விட்டு, உச்சியில் மனிதத் தலை செதுக்கிய சிறு முரசு அது. குச்சியால் தட்டுவார்கள். அதே முரசின் வயிற்றில் மருந்துச் சாறு கலந்து, பிளவின் வழியே நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பதும் உண்டு. அப்போது வாத்தியம் பாத்திரமாகிவிடுகிறது. பிளவின் அகலம் பெரும்பாலும் விரல் நுழையும் அளவுகூட இருக்காது. உள்ளே காய்ந்துபோன சாற்றுப் படிவை யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது, துடைக்கவும் முடியாது. பூச்சிக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

இந்த இரண்டிலும், இவற்றை ஒத்த மற்றப் பாத்திரங்களிலும், பொதுவாக மூன்று பூச்சுகளைக் காணலாம். முதலாவது, மேலே சொன்ன வெண்களிமண்; பசை எதுவும் இல்லாமல் ஒட்டியிருக்கும், மென்தூரிகை பட்டாலே உதிரும். இரண்டாவது துகுலா என்ற செந்தூள். செஞ்சந்தனம், வேங்கை ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க மரங்களின் வைரம் பாய்ந்த நடுமரத்தை அரைத்து எடுப்பது. அதன் நிறம் சாராயத்திலும் அசிட்டோனிலும் கரைந்துவிடும். மூன்றாவது பாமாயில். கடையில் விற்கும் சுத்திகரித்த எண்ணெய் அல்ல, அங்கேயே விளையும் எண்ணெய்ப்பனையின் செந்நிற எண்ணெய். ஆளி விதை எண்ணெயைப் போல இது காற்றில் காய்ந்து படலமாகாது. எத்தனை ஆண்டானாலும் ஓரளவு பிசுபிசுப்போடுதான் இருக்கும். உருகுநிலையும் 35 டிகிரி செல்சியஸ் அருகில்தான். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் நான்கு வழிகளில் ஒன்று தானாகவே விலகிவிடும்.

எந்த வழிக்குப் போகுமுன்னும் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். நூறாண்டுக்கு முன்பே தின்றுமுடித்துப் போன துளைகளுக்கு வைத்தியம் பார்த்து வீணாக்கிய பாத்திரங்கள் நிறைய உண்டு. பழைய துளையின் விளிம்பு மங்கி, எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்திருக்கும். புதுத் துளையின் உட்புறம் பச்சை மரம் போல வெளிறியிருக்கும், விளிம்பு கூர்மையாக இருக்கும். ஆனால் பழைய துளையிலிருந்தும் ஆட்டினால் தூள் கொட்டும். எனவே பாத்திரத்தைக் கறுப்புக் காகிதத்தின்மேல் வைத்து, நான்கு வாரம் அசைக்காமல் விடுங்கள். துளைகளை முன்கூட்டியே படமெடுத்து எண்ணி வையுங்கள். தானாகத் தூள் விழுந்தாலோ, துளை எண்ணிக்கை கூடினாலோ உள்ளே உயிர் இருக்கிறது. மாவு போல மென்தூளும் 1 முதல் 2 மில்லிமீட்டர் துளையும் என்றால் பெரும்பாலும் மாவுவண்டு. மாச்சத்துள்ள வெளிர்மரத்தைத்தான் தேடிப் போகும். 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வட்டத் துளை என்றால் அதன் பெரிய உறவினர். கசகசா போன்ற, ஆறு பட்டையுள்ள துகள்கள் என்றால் அது வண்டே அல்ல, உலர்மரக் கறையான்.

இங்கே விலை கொடுத்து வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உளுத்திருப்பது பழமைக்குச் சான்று அல்ல. புதிதாகச் செதுக்கியதைக் கறையான் புற்றருகே போட்டு வயதேற்றுவது ஆப்பிரிக்கக் கலைச் சந்தையில் நெடுங்காலமாக நடக்கிறது. கைபடும் இடம் தேய்ந்திருக்கிறதா, உட்படிவு அடுக்கடுக்காக இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இனி நான்கு வழிகள்.

மருந்தடிப்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பெர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானில் கலந்து வருகின்றன. ஊசியால் துளைக்குள் செலுத்தும்போது கரைப்பான் பாமாயிலைக் கரைத்து வெளியே இழுத்துவருகிறது. மேற்பரப்பில் கறுப்பு வளையம் விழும். அது பிறகு போகாது. போராக்ஸ் நீர்க்கரைசல் வெண்களிமண்ணைக் கழுவிவிடும், எண்ணெய் ஊறிய மரத்துக்குள்ளோ இறங்காது. வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்று தடவுபவர்கள், ஏற்கெனவே பிசுபிசுக்கும் பாத்திரத்தில் இன்னொரு பிசுக்கை ஏற்றுகிறார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு வேறு. உட்படிவில் எந்த மூலிகை, எந்தக் கொழுப்பு என்று ஆய்வகத்தில் கண்டறிய இன்றைக்கு வழி இருக்கிறது. வெளியிலிருந்து எதை ஊற்றினாலும் அந்த வாசல் அடைபட்டுவிடும். மருந்துக்கு ஒரே ஒரு நன்மை உண்டு, அதை மறைக்கக் கூடாது: மற்ற மூன்றும் இன்றைய பூச்சியைக் கொல்லுமே தவிர நாளைய பூச்சியைத் தடுக்காது, மருந்து சில காலம் தடுக்கும். அதை அலமாரியின் இடுக்கிலும் தரை ஓரத்திலும் பயன்படுத்தலாம், பாத்திரத்தில் அல்ல.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பல அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஆர்சனிக், பாதரச உப்பு, டிடிடி எல்லாம் பூசின. பழைய சேகரிப்பிலிருந்து வந்த பாத்திரம் என்றால், நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ம்பெம்பா என்று எண்ணிவிடவும் கூடாது.

சூடாக்குவதில் கணக்கு எளிது. மரத்தின் நடுப்பகுதி 55 டிகிரியில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை முதல் வண்டு வரை எதுவும் மிஞ்சாது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அறைகள் உள்ள நிறுவனங்கள் இதை ஒரே நாளில் முடித்துத் தருகின்றன, மரமும் வெடிப்பதில்லை. ஈரப்பதக் கட்டுப்பாடு இல்லாமல் அடுப்பிலோ வெயிலிலோ வைத்தால் வெளித்தோல் முதலில் சுருங்கி, நெடுக்காக விரிசல் விடும். ஆனால் அறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாமாயில் 35 டிகிரியைத் தாண்டியதும் இளகிவிடும். இளகிய எண்ணெய் பக்கத்திலுள்ள வெண்களிமண்ணுக்குள் ஏறும். எண்ணெய் குடித்த களிமண் வெண்மையை இழந்து, எண்ணெய்க் காகிதம் போல மங்கிப்போகும். அப்புறம் அந்த வெள்ளையைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. பிசினால் ஒட்டிய மருந்து உருண்டைகள், சோழிகள் இருந்தால் அவையும் நழுவும். உள்ளும் புறமும் வெறும் மரமாக இருக்கும் பாத்திரத்துக்கு மட்டுமே சூடு சரி.

குளிர் பரவலாகப் பின்பற்றப்படும் வழி, மலிவானதும்கூட. மைனஸ் 30 டிகிரி என்றால் மூன்று நாள், மைனஸ் 20 என்றால் ஒரு வாரம், வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 என்றால் இரண்டு வாரம். பாத்திரத்தை அமிலமற்ற மென்காகிதத்தில் சுற்றி, பாலித்தீன் பையிலிட்டு, முடிந்த அளவு காற்றைப் பிதுக்கி, ஒட்டுநாடாவால் அடைக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைப் பிரிக்கக் கூடாது. அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த மரத்தின்மேல் நீர்த்துளி பூத்து, களிமண் சேறாகும். உறைபெட்டி வேகமாகக் குளிர வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. மெதுவாகக் குளிர்ந்தால் புழு தன் உடலைக் குளிருக்குப் பழக்கிக்கொண்டு தப்பிவிடும். அதனால் ஏற்கெனவே முழுக் குளிரில் ஓடும், பாதிக்கு மேல் காலியான பெட்டியில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாத்திரம் போதும்.

மரத்துக்கு இதனால் கெடுதல் இல்லை. சிக்கல் மறுபடியும் படிவில்தான். தடித்த எண்ணெய்ப் பொருக்கும் பிசினும் கடுங்குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மை அடைகின்றன. மரமும் பொருக்கும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் ஓரம் பிரிந்து தூக்கும். குளிரிலிருந்து மீண்ட சில வாரங்களில் மேற்பரப்பில் வெண்படலம் பூப்பதும் உண்டு. கொழுப்பு அமிலங்கள் வெளியே வந்து உறைந்த பூப்பு அது. பலர் அதைப் பூஞ்சை என்று நினைத்துத் துடைக்கிறார்கள். துடைக்கும்போது அருகிலிருந்த உண்மையான வெண்களிமண்ணும் சேர்ந்து போய்விடுகிறது. ஊசிமுனை அளவு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து இலேசாகச் சூடு காட்டிப் பாருங்கள். கொழுப்பு உருகும், களிமண் அப்படியே இருக்கும். பூஞ்சை என்றால் பூதக்கண்ணாடியில் இழைகள் தெரியும்.

இடத்தையும் பார்க்க வேண்டும். மின்சாரம் தடையில்லாமல் வரும் ஐரோப்பிய அருங்காட்சியகத்துக்குக் குளிர் வசதியானது. காங்கோவின் கின்ஷாசாவிலோ லுபும்பாஷியிலோ மின்வெட்டு அன்றாடம். மூன்றாம் நாள் பாதி உருகி மறுபடி உறைந்தால், பூச்சிக்குப் பழகிக்கொள்ள நாமே அவகாசம் கொடுத்ததாகிவிடும். பொருக்குக்கோ இரண்டு மடங்கு அதிர்ச்சி.

ஆக்சிஜனை எடுத்துவிடுவது நான்காவது வழி. உட்படிவுள்ள எந்தப் பாத்திரத்துக்கும் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெப்பநிலை மாறுவதில்லை, எதுவும் பாத்திரத்தைத் தொடுவதில்லை, எதுவும் மிஞ்சுவதில்லை. ஆக்சிஜன் 0.1 முதல் 0.3 சதவீதத்துக்குள், வெப்பம் 25 டிகிரிக்கு மேல், மூன்று வாரம்: இதுதான் அளவு. 20 டிகிரிக்கு இறங்கினால் நான்கைந்து வாரம் ஆகும், ஏனென்றால் குளிரில் புழு மெதுவாக மூச்சு விடுகிறது. வெப்பநாட்டுக்கு இது கூடுதல் லாபம். 28 டிகிரி அறையில் எந்த இயந்திரமும் இல்லாமல், மின்சாரமும் இல்லாமல் வேலை நடந்துவிடும். ஆக்சிஜன் குறையும்போது புழு மூச்சுத்துளைகளை அகலத் திறந்து வைக்கிறது, அதன் வழியே உடலின் நீர் ஆவியாகிறது. அது சாவது பெரும்பாலும் வறட்சியால். ஆகவே பைக்குள் ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதத்தில் நிற்பது நல்லது. அதற்கு மேல் ஏறினால் சாவு தள்ளிப்போகும்.

45 செ.மீ. உயரமும் 10 செ.மீ. விட்டமும் உள்ள ஒரு யாக்கா முரசை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி 20 × 20 × 55 செ.மீ. அளவில் ஒரு சட்டம் வேண்டும். நெளி அட்டையோ பிளாஸ்டிக் குழாயோ போதும். இந்தச் சட்டத்தைத் தேவையில்லை என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது போனதும் பை அந்த அளவுக்குச் சுருங்கி உள்ளே இழுக்கும். சட்டம் இல்லாவிட்டால் படலம் நேராகப் பொருக்கின்மேல் அழுந்தும், செதுக்கிய மூக்கும் காதும் படலத்தைக் குத்தி ஓட்டை போடும். இதே காரணத்தால் உணவுப் பொருள் அடைக்கும் வெற்றிட இயந்திரத்தையும் தொடாதீர்கள்.

சட்டத்தின் கொள்ளளவு 22 லிட்டர். முரசு அடைக்கும் இடத்தைக் கழித்தால் ஏறக்குறைய 19 லிட்டர் காற்று, அதில் 4 லிட்டர் ஆக்சிஜன். இரும்புத்தூள் உறிஞ்சிப் பொட்டலம் ஒன்று 2,000 மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுக்கும் என்றால் கணக்குப்படி இரண்டு போதும். நான்கு போடுங்கள். மரத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கும் காற்று மெல்ல வெளிவரும், பையின் தையல் வழியாகவும் கொஞ்சம் கசியும். பை சாதாரணப் பாலித்தீனாக இருக்கக் கூடாது, ஆக்சிஜன் அதை ஊடுருவி நாள் முழுக்க உள்ளே வந்துகொண்டே இருக்கும். அலுமினியப் படலம் சேர்ந்த பல்லடுக்குத் தாள், அல்லது ஆக்சிஜனைத் தடுக்கும் ஒளிபுகு பல்லடுக்குப் படலம் வேண்டும். மூன்று பக்கம் வெப்பத்தால் ஒட்டி, பாத்திரத்தைச் சட்டத்தோடு உள்ளே வைத்து, 55 சதவீதத்துக்குப் பதப்படுத்திய சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும், ஆக்சிஜன் குறைந்ததை நிறத்தால் சொல்லும் நிறங்காட்டி மாத்திரையும் சேர்த்து, கடைசியாகப் பொட்டலங்களைப் போட வேண்டும். உறையைப் பிரித்ததுமே பொட்டலம் வேலையைத் தொடங்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் நான்காம் பக்கத்தையும் ஒட்டிவிடுங்கள். இரும்பு ஆக்சிஜனோடு சேரும்போது சூடாகும் என்பதால் பொட்டலங்கள் முரசைத் தொடாமல் சட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம்.

நிறங்காட்டி ஓரிரு நாளில் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். மூன்று வாரத்தை அந்த நாளிலிருந்து எண்ணுங்கள், ஒட்டிய நாளிலிருந்து அல்ல. நடுவில் நீலம் திரும்பினால் எங்கோ கசிகிறது. சரிசெய்து முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து கூட்டிக்கொள்ள முடியாது.

குறைகள் இதிலும் உண்டு. நல்ல படலமும் பொட்டலமும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை, ஒரு பாத்திரத்துக்கு ஆகும் செலவு உறைபெட்டியைவிட அதிகம். நூறு பொருள்களை ஒன்றாகக் கவனிக்க வேண்டிய கிடங்குக்கு நைட்ரஜன் ஓடும் கூடாரம்தான் கட்டுபடியாகும். பிரஷ்யன் நீலம் என்ற சாயம் ஆக்சிஜன் இல்லாமல் வெளிறும், காற்றுப் பட்டதும் மீளும். நீலம் தீட்டிய பாத்திரம் என்றால் அது எந்த நீலம் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, வெண்களிமண்ணோ எண்ணெயோ உள்ள ம்போகோவுக்கும் உள்ளே எட்ட முடியாத யாக்கா முரசுக்கும் ஆக்சிஜன் நீக்கம். உட்புறம் சுத்தமாகத் தேய்ந்து வெறும் மரமாக இருக்கும் சிறு கோப்பைக்கு, நம்பகமான மின்சாரம் இருந்தால், குளிர் போதும். சூட்டுக்குப் பூச்சில்லாத பெரிய மரப்பொருள் மட்டும். பொருள் எல்லை தாண்டிப் போகவேண்டியிருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பாத்திரத்தோடு கட்டிய மருந்து மூட்டையில் சிறுத்தைப் பல்லோ எறும்புத்தின்னிச் செதிலோ இருந்தால், வனவிலங்கு வணிக உடன்படிக்கையின்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் நகர்த்த முடியாது. அவற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்புவது தீர்வு அல்ல. பாத்திரத்துக்குச் செய்யும் கொடுமை.

பூச்சி செத்த பிறகு துளைகளை மெழுகால் அடைக்க வேண்டாம். அடைத்துவிட்டால் அடுத்த ஆண்டு புதுத் துளை விழுந்ததா என்று தெரியாமல் போகும். பாரலாய்டு பி-72 போன்ற பிசினால் மரத்தை இறுக்குவது, நிற்கும் அடிப்பாகம் நொறுங்கும் நிலையில் இருந்தால் மட்டும். அதைக் கரைக்கும் அசிட்டோன் துகுலாவின் சிவப்பையும் கரைக்கும் என்பதால் சிவப்பு உள்ள பக்கம் தூரிகையைக் கொண்டுபோகாதீர்கள். பாத்திரத்தைத் தனிப் பெட்டியில், 45 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் வைத்து, மறுபடி கறுப்புக் காகிதத்தை விரித்துவிடுங்கள். ஓராண்டு வரை மாதம் ஒருமுறை பாருங்கள்.

காகிதத்தில் விழுந்த தூளைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். கிண்ணத்தின் அடி வழியாகத் துளைத்த புழு, மரத்தோடு ம்பெம்பாவையும் பழைய மருந்தையும் சேர்த்துத்தான் வெளியே தள்ளியிருக்கும். சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, எந்தத் துளைக்குக் கீழே எந்தத் தேதியில் எடுத்தது என்று பென்சிலால் எழுதி, பாத்திரத்தோடு அதே பெட்டியில் வையுங்கள்.